இறாலுக்கு எந்த ஊர்?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பத்துப் பேர் சேர்ந்து கடலுணவு சாப்பிடப் போனால் முதல் வேலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வதுதான். கத்திக்கும் முள்கரண்டிக்கும் அங்கே அதிக மரியாதை கிடையாது. நீளமான மேஜை மீது பழைய செய்தித்தாளையோ பழுப்புக் காகிதத்தையோ விரிக்கிறார்கள். கல்யாண வீட்டு அண்டா அளவுள்ள பாத்திரத்திலிருந்து நீரை வடித்துவிட்டு, வெந்ததையெல்லாம் மேஜை மேலேயே கொட்டிவிடுகிறார்கள். செக்கச் சிவந்த கிராஃபிஷ், மக்காச்சோளக் கதிர், தோலோடு உருளைக்கிழங்கு, முழுப் பூண்டு, எலுமிச்சை, சாஸேஜ் துண்டுகள். எல்லாவற்றின் மீதும் மிளகாய்த்தூள். அமெரிக்கர்களுக்குக் காரம் ஆகாது என்று நம்புகிறவர்கள் லூசியானா பக்கம் போனதில்லை என்று அர்த்தம்.

கிராஃபிஷ் என்பது சிங்கி இறாலின் குட்டியைப் போல விரல் நீளத்துக்கு இருக்கும் நன்னீர்ப் பிராணி. தலையைத் திருகி, வாலைப் பிரித்து, உள்ளேயிருக்கும் சதையை இழுத்துத் தின்ன வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் தலையையும் உறிஞ்சுவார்கள். எடையில் தேறும் சதை சுமார் 15 சதவிகிதம்தான். அதனால் ஒருவருக்கு மூன்று பவுண்டு, ஐந்து பவுண்டு என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். அவசரமாகச் சாப்பிடவே முடியாது. கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் பேசிக்கொண்டிருக்கும். தனியாகப் போய்ச் சாப்பிடுவதில் சுவாரஸ்யம் இல்லாத உணவு இது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறைச்சியைத் தவிர்ப்பதால், அந்த வாரங்களில் இந்த உணவகங்களில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

பந்தியில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அது ஒரு சரித்திரப் பாடம். கிராஃபிஷ் பெரும்பாலும் நெல் வயலிலிருந்து வருகிறது. அறுவடை முடிந்த வயலில் மறுபடியும் நீரைத் தேக்கி வளர்க்கிறார்கள். அமெரிக்க உற்பத்தியில் 90 சதவிகிதத்துக்கு மேல் லூசியானாவுடையது. 2023-ல் கடும் வறட்சி வந்தபோது வயலில் வளை தோண்டியிருந்த கிராஃபிஷ் ஏராளமாகச் செத்தது. 2024 பருவத்தின் தொடக்கத்தில் விலை எகிறியது. இன்னொரு பக்கம் கம்போ. சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் குழம்பு. அதில் போடும் வெண்டைக்காய் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தது. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்கள். மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துக் குழம்பைக் கெட்டிப்படுத்துவது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். மேலே தூவும் இலைப்பொடி சோக்டா பழங்குடியினர் தந்தது. சிப்பிப் படுகைகளில் நிலைகொண்டவர்களில் முக்கியமானவர்கள் 19-ம் நூற்றாண்டில் குரோஷியாவின் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். பூண்டும் வெண்ணெயும் சேர்த்துக் கிராஃபிஷ் தரும் புது ருசியை ஹூஸ்டன் நகரில் பரப்பியவர்கள் வியட்நாமியர்கள்.

இத்தனை பேரின் கைவண்ணம் சேர்ந்த மேஜையில் எல்லோரும் உட்கார முடிந்ததா என்றால், இல்லை. அறுபது வருடங்களுக்கு முன்பு வரை கறுப்பர்கள் பல உணவகங்களில் சமையலறையில் நிற்கலாம், கூடத்தில் உட்காரக் கூடாது. 1960 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் கனால் வீதியில் ஒரு கடையின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததற்காகவே நான்கு இளைஞர்கள் கைதானார்கள். மூன்று பேர் கறுப்பர்கள், ஒருவர் வெள்ளையர். அதே நகரில் 1941-ல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் என்ற பெண்மணி இரு நிறத்தவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கம்போ பரிமாறினார். சட்டப்படி அது குற்றம். சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் பலர் திட்டம் தீட்டியது அவருடைய மாடி அறையில்தான். 2019-ல் தமது 96-வது வயதில் அவர் காலமானார்.

1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. உடனே அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஓர் இறைச்சி உணவகம் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே கறுப்பர்கள் பொட்டலம் வாங்கிப் போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. உள்ளூர் ஓட்டலை மத்திய அரசு எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர்கள் கேள்வி. 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் விசித்திரமானது. அந்த உணவகம் ஒரு வருடத்தில் வாங்கிய உணவுப் பொருள்களில் 46 சதவிகிதம் வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். ஆகவே மத்தியச் சட்டம் செல்லும். மேஜையில் உட்காரும் உரிமைக்கு வழக்கில் துணை நின்றது, தட்டில் இருப்பது எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கணக்கு.

உட்காரும் உரிமை அன்றைக்குத் தீர்ந்தது. தட்டில் இருப்பது எந்த ஊர் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை தீரவில்லை. இப்போது அது இறாலைப் பற்றியது. அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

தென்மாநில உணவகங்களின் சுவரில் இறால் படகின் படம் இருக்கும். கூரையில் வலை தொங்கும். ஜன்னல் வழியே மெக்ஸிகோ வளைகுடா தெரியும். தட்டில் இருக்கும் இறால் அந்த வளைகுடாவையே பார்த்திருக்காது. அமெரிக்கா சாப்பிடும் இறாலில் சுமார் 90 சதவிகிதம் இறக்குமதி. அதில் மிகப் பெரிய பங்கு இந்தியாவுடையது. 2023-24-ல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான உறைந்த இறால் 7,16,004 டன். அதில் 2,97,571 டன்னை அமெரிக்கா வாங்கியது. அதில் பெரும்பகுதி ஆந்திராவின் குளங்களில் வளர்ந்தது. பிலாக்சியிலும் மொபீலிலும் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து உரிக்கும் இறால், பீமாவரம் பக்கத்துப் பண்ணையில் தீவனம் தின்றதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த இறாலின் பயணமும் வேடிக்கையானது. பண்ணைகளில் வளரும் வன்னாமெய் இந்தியக் கடலுக்குச் சொந்தமானதல்ல. மெக்ஸிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரை அதன் பிறந்த வீடு. இந்தியாவில் முதலில் வளர்த்தது கறுப்புப் புலி இறால். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து குளங்களைக் காலி செய்தது. நாகப்பட்டினம் பகுதியில் பண்ணைகளின் உப்புநீர் விளைநிலத்தையும் குடிநீரையும் கெடுக்கிறது என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரையோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. தொழில் அடங்கிவிடவில்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் வந்து உரிமம் தரும் வழியைத் திறந்தது. 2009-ல் வன்னாமெய் வளர்க்க அனுமதி கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்து இறால் கோதாவரிக் கரையில் வளர்ந்து, உரிக்கப்பட்டு, உறைந்து, கப்பலேறி மறுபடியும் அமெரிக்கா போய்ச் சேர்கிறது.

விலை மலிந்ததால் சாப்பாட்டு வழக்கமே மாறியது. ஒரு காலத்தில் இறால் அங்கே விசேஷ நாள் உணவு. 2001-ல் டின்னில் அடைத்த சூரை மீனை முந்திக்கொண்டு அமெரிக்கர்கள் அதிகம் சாப்பிடும் கடலுணவானது. 1968-ல் புளோரிடாவின் லேக்லாண்டில் ஒரே கடையாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய ரெட் லாப்ஸ்டர் நிறுவனம், 2023-ல் 20 டாலருக்கு வேண்டிய மட்டும் இறால் என்ற சலுகையை நிரந்தரமாக்கியது. கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். 2024 மே மாதம் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வாடகைச் சுமை, நிர்வாகக் குழப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஊர் சிரித்தது இறாலைச் சொல்லித்தான்.

மலிவான இறாலுக்கு விலை கொடுப்பது படகுக்காரர்கள். லூசியானா கடற்கரையில் 2005-ல் கத்ரினா புயல். 2010 ஏப்ரலில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் பதினொரு பேர் பலியாக, 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. 2021-ல் ஐடா புயல். ஒவ்வொன்றுக்கும் பிறகு படகைச் செப்பனிட்டுக் கடலுக்குப் போனவர்களைப் புயலைவிட அதிகமாகக் கலங்க வைத்தது கரையில் கிடைக்கும் விலை. டீசலும் ஐஸும் வலையும் இன்றைய விலை, இறாலுக்கு மட்டும் 1980களின் விலை என்பது அவர்கள் புலம்பல். இவர்களில் கணிசமானோர் 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர்கள். அந்நியர்கள் எங்கள் கடலில் வலை வீசுவதா என்று டெக்ஸாஸில் அவர்களைக் கு கிளக்ஸ் கிளான் மிரட்டியது. 1981-ல் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. இன்று அந்த வியட்நாமியர்களே உள்ளூர் இறாலின் காவலர்கள்.

அமெரிக்காவில் மளிகைக் கடைக்காரர் மீன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைத்தாக வேண்டும். 2005-லிருந்து இது சட்டம். உணவகங்களுக்கு விலக்கு. கடையில் வாங்கி வீட்டில் சமைக்கிறவருக்குத் தெரிகிற தகவல், பத்து நண்பர்களோடு வெளியே போய் நாலு மடங்கு காசு கொடுக்கிறவருக்குத் தெரியாது. இந்த ஓட்டையை லூசியானா 2019-ல் அடைக்கப் பார்த்தது. இறக்குமதி இறாலோ கிராஃபிஷோ பரிமாறினால் மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ சொல்ல வேண்டும் என்று விதித்தது. 2025 ஜனவரியில் விதிகள் இன்னும் இறுகின. அலபாமாவும் 2024-ல் இதுபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டம் இருந்தால் போதுமா? 2024-ல் லூசியானாவின் மார்கன் சிட்டியில் நடந்த இறால் திருவிழாவில் ஐந்து கடைகளின் இறாலை மரபணுச் சோதனை செய்தார்கள். நான்கு கடைகளில் இருந்தது இறக்குமதி. உள்ளூர் இறாலைக் கொண்டாடும் விழாவின் லட்சணம் அது. மிஸிஸிபி மாநிலத்தின் பிலாக்சியில் பெயர்பெற்ற பழைய உணவகம் ஒன்று 2024-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2013-க்கும் 2019-க்கும் இடையில் 58,000 பவுண்டுக்கு மேற்பட்ட மீனை உள்ளூர் உயர்ரகம் என்று பொய் சொல்லி விற்றிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த மீனை வளைகுடா மீன் என்று நம்பி, அத்தனை வருடமும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்த பிறகு எந்த நாக்குக்கும் தெரியாது.

ருசியில் வித்தியாசமில்லை என்றால் ஊர் பேரைக் கேட்பது எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. தப்பான வாதம். சாப்பிடுகிறவர் உள்ளூர்ப் படகுக்காரருக்குப் போவதாக நினைத்து அதிக விலை கொடுக்கிறார். அந்தப் பணம் படகுக்காரருக்கும் போவதில்லை, ஆந்திர விவசாயிக்கும் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. இறக்குமதி என்று வெளிப்படையாகச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு பக்கத்தின் தவறும் உண்டு. இறக்குமதி என்றாலே விஷம் என்று பேசுவது படகுக்காரர்களின் பழக்கமாகிவிட்டது. தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் கண்டுபிடிக்கப்பட்ட சரக்குகள் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்டது வாஸ்தவம்தான். இந்தியாவில் இறால் உரிக்கும் கூடங்களில் பெண்களுக்குக் கூலி குறைவு, பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச்சில் வெளியான ஓர் அறிக்கை குற்றம்சாட்டியது. ஏற்றுமதியாளர்கள் மறுத்தார்கள். இதையெல்லாம் தட்டிக்கேட்க வேண்டியதுதான். ஆனால் லூசியானாவின் கணக்கும் சுத்தமில்லை. இறால் வலையில் சிக்கும் கடலாமை தப்பிச் செல்ல வழிவிடும் சாதனத்தைப் பொருத்தச் சொல்லும் மத்திய விதியை, தன் அதிகாரிகள் அமல்படுத்தக் கூடாது என்று 1987-ல் சட்டம் போட்ட மாநிலம் அது. அதை ரத்து செய்ய 2015 ஆனது. இந்தியாவின் கடலில் பிடித்த இறாலை இதே ஆமைச் சாதனத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது.

மேஜையில் தீராத சண்டை சுங்கச் சாவடிக்குப் போனது. 2005-லேயே இந்திய இறால் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2024 டிசம்பரில் மானியத்தை ஈடுகட்டும் வரி சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது போட்ட கூடுதல் வரி 50 சதவிகிதத்தைத் தொட்டது. ஆந்திராவில் குளக்கரை விலை சரிந்தது. குஞ்சு வாங்கலாமா, குளத்தைக் காயப் போடலாமா என்று விவசாயிகள் தவித்தார்கள். அதனால் லூசியானா படகுகளில் பணம் கொட்டிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தியா விட்ட இடத்தைப் பிடிக்க ஈக்வடாரும் இந்தோனேசியாவும் காத்திருக்கும் வியாபாரம் இது. வரியால் சாதிக்க முடியாததை மெனுவில் ஒரு வரி எழுதிச் சாதிக்கலாம். அதற்குச் செலவு மையின் விலைதான்.

கூட்டமாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தனியாகப் போகிறவர் கேள்வி கேட்டால் வம்பு பிடித்தவர் என்று பெயர் வரும். பத்துப் பேருக்கு ஆர்டர் கொடுக்கும் மேஜையின் கேள்வி மானேஜர் காதுவரை போகும். கேட்பதைச் சர்வரிடம் பதமாகக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. தப்பு அவருடையதல்ல. டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலியை மத்தியச் சட்டம் மணிக்கு 2.13 டாலர் என்று 1991-ல் நிர்ணயித்தது. லூசியானா, மிஸிஸிபி, அலபாமா உணவகங்களில் அதற்கப்புறம் அது நகரவே இல்லை. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் பல உணவகங்கள் பில்லிலேயே 18 அல்லது 20 சதவிகிதம் சேர்த்துவிடுகின்றன. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அந்தப் பெண்ணின் சம்பளமே பெரும்பாலும் அதிலிருந்துதான் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பதில் எதுவாக இருந்தாலும் சாப்பிடலாம். லூசியானா இறால் என்றால் படகுக்காரருக்காகச் சந்தோஷப்படலாம். இந்தியா என்றால், எங்கோ ஒரு குளக்கரையில் ராத்திரி கண் விழித்துக் காற்றூட்டும் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவருக்காகச் சந்தோஷப்படலாம். பதில் சொல்ல மறுக்கும் கடையில் சோளக் கதிரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நியூ ஆர்லியன்ஸ் பழைய ஆட்கள் சந்தித்துக்கொண்டால் நலமா என்று கேட்பதில்லை. எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அந்த ஊரில் அதுதான் நலம் விசாரிப்பு. தட்டிலிருக்கும் இறாலையும் அப்படி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சாப்பிட்டால் குறைந்துவிடாது.